ரயில் விபத்து: யார், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்? சொல்லாவிட்டால் என்ன ஆகும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில் விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் கேட்பதும் அதைத்தான், ரயில்வே வேலைக்குப் புதிதாகப் போன பிள்ளைகள் கேட்பதும் அதைத்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம் ஒன்றுதான்: விசாரணை, தண்டனை, இழப்பீடு மூன்றையும் ஒரே விஷயம் என்று நினைத்துக்கொள்கிறோம். சட்டத்தில் மூன்றும் தனித்தனிப் பாதை, ஒன்று முடியும் வரை இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் எந்தச் சட்டம்? பிரிட்டிஷ்காரன் காலத்துச் சட்டம்தானே இன்னும் ஓடுகிறது?

இல்லை. 1890-ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. இப்போது இருப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், 1990 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விபத்தைப் பற்றிய தகவலும் விசாரணையும் 113 முதல் 122 வரையுள்ள பிரிவுகளில் இருக்கின்றன. இழப்பீடு 123-இல் தொடங்குகிறது. தண்டனைகள் அதற்கு அப்புறம் தனி அத்தியாயமாக வருகின்றன. இவற்றின் கீழ் 1998-இல் வந்த விதிகள் இரண்டு உண்டு: தகவல், விசாரணை பற்றி ரயில்வே அமைச்சகம் போட்டது ஒன்று, ரயில்வே பாதுகாப்பு ஆணையர் (ரயில் விபத்துகளை விசாரிக்கும் தனி அதிகாரி) நடத்தும் விசாரணை பற்றி விமானப் போக்குவரத்து அமைச்சகம் போட்டது ஒன்று. ரயிலுக்கும் விமான அமைச்சகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள், கீழே சொல்கிறேன்.

எதெல்லாம் "தகவல் சொல்லியே ஆக வேண்டிய" விபத்து? யாராவது செத்தால்தானா?

இல்லவே இல்லை. 113-ஆம் பிரிவைப் படித்தால் தெரியும். உயிர் போனாலும் கொடுங்காயம் பட்டாலும் சொல்ல வேண்டும், சொத்துக்குப் பெரிய சேதம் ஆனாலும் சொல்ல வேண்டும். மோதிக்கொண்ட இரண்டு ரயில்களில் ஒன்று பயணிகள் ரயிலாக இருந்தாலே போதும், ஒருவருக்கும் கீறல்கூட இல்லாவிட்டாலும் சொல்லியாக வேண்டும். பயணிகள் ரயிலின் ஒரே ஒரு பெட்டி தடம் இறங்கினாலும் அப்படித்தான். வழக்கமாக உயிரிழப்பில் போய் முடியக்கூடிய வகை விபத்து, இந்த முறை அதிர்ஷ்டவசமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அதுவும் இதற்குள் வரும்.

சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி இந்தக் கடைசி வகைதான். தப்பித்துவிட்டோம் என்று மூடி வைத்தால் அடுத்த முறை தப்பிக்க முடியாது. 2024 அக்டோபர் 11 அன்று கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் (பிரதான பாதையிலிருந்து பிரியும் பக்கவழி) திரும்பி அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. உயிரிழப்பு இல்லை, ஆனாலும் பாதுகாப்பு ஆணையரே விசாரித்தார்.

யார் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும்?

இரண்டு படி இருக்கிறது. முதல் படி, விபத்து நடந்த இடத்துக்கு மிக அருகில் இருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர். ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாத இடமென்றால் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ரயில்வே ஊழியர். இவர் மாவட்ட நடுவருக்கும் (தமிழ்நாட்டில் கலெக்டர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பவர்) எஸ்.பி.க்கும் அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலைய அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது படி, ரயில்வே நிர்வாகம். அது மாநில அரசுக்கும் பாதுகாப்பு ஆணையருக்கும் தெரிவிக்க வேண்டும். விபத்து ஒரு ரயில்வேயின் (தெற்கு ரயில்வே போன்ற ஒரு மண்டலத்தின்) எல்லையில் நடந்து, ரயில் இன்னொரு ரயில்வேக்குச் சொந்தமானதாக இருந்தால் இரண்டு நிர்வாகமும் சொல்ல வேண்டும்.

"அவர்கள் சொல்லியிருப்பார்கள்" என்று இரண்டு பக்கமும் இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

எத்தனை மணி நேரத்துக்குள்?

சட்டத்தில் மணிக்கணக்கு இல்லை. "தாமதமின்றி" என்றுதான் இருக்கிறது. இதைச் சிலர் சௌகரியமாக எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் உண்மையில் அது மணிக்கணக்கைவிடக் கடுமையானது. இரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் சும்மா இருந்தவரைக் கேட்க முடியாது. இப்போது அப்படியில்லை, ஒவ்வொரு நிமிடத்துக்கும் காரணம் கேட்கலாம்.

விபத்து நடந்தவுடன் லோகோ பைலட் (ரயில் ஓட்டுநர்) முதலில் செய்ய வேண்டியது போன் போடுவதுதானே?

தகவலும் பாதுகாப்பும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியவை. தடம் புரண்ட பெட்டி பக்கத்துத் தண்டவாளத்தை மறித்துக்கொண்டு கிடந்தால், அந்தப் பாதையில் எதிரே வரும் ரயிலை நிறுத்துவதுதான் உயிர் காக்கும் வேலை. இன்ஜினில் மஞ்சள் நிற ஃப்ளாஷர் விளக்கைப் போட வேண்டும், வாக்கி டாக்கியில் கூப்பிட வேண்டும். பிறகு கையில் சிவப்புக் கொடியோ விளக்கோ எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று என்று தண்டவாளத்தின் மேல் பொருத்த வேண்டும். சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும் சத்தத்தில் எதிரே வரும் டிரைவர் ரயிலை நிறுத்திவிடுவார்.

ராத்திரியில், மழையில், பின்னால் ஜனங்கள் அலறிக்கொண்டிருக்கும்போது, ஜல்லியில் கால் இடறிக்கொண்டே ஒன்றே கால் கிலோமீட்டர் ஓடுவதை நினைத்துப் பாருங்கள். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதி, அதன் பெட்டிகள் பக்கத்துப் பாதையில் போன யஷ்வந்த்பூர்–ஹவுரா ரயில் மேல் விழுந்தன. அங்கே ஓடுவதற்கு நேரமே கிடைக்கவில்லை. நேரம் கிடைக்கிற இடத்தில் ஓடாமல் இருப்பதுதான் குற்றம்.

விசாரிப்பது ரயில்வேயே என்றால் அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளாதா?

நியாயமான சந்தேகம். அதனால்தான் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. 1941-லேயே இந்த ஆய்வுத் துறையை ரயில்வே போர்டிலிருந்து பிரித்துவிட்டார்கள். இன்று அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது, தலைமையகம் லக்னோவில். நம் பக்கத்து விபத்துகளைப் பார்ப்பது பெங்களூருவில் இருக்கும் தெற்கு வட்ட ஆணையர். ஸ்டேஷனில் துப்பாக்கியோடு நிற்கும் ஆர்.பி.எஃப்.க்கும் (ரயில்வே பாதுகாப்புப் படை) இவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

பயணிகள் ரயில் விபத்தில் உயிரிழப்போ, பயணிக்கு நிரந்தர ஊனம் ஏற்படுத்தும் கொடுங்காயமோ, 2 கோடி ரூபாய்க்கு மேல் ரயில்வே சொத்துச் சேதமோ இருந்தால் அவர் விசாரிக்க வேண்டும் (114-ஆம் பிரிவு). மற்ற விபத்துகளையும் அவர் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். அவர் எடுக்காதவற்றை ரயில்வே அதிகாரிகள் குழு விசாரிக்கும். ஆனால் ஒன்று, ஆணையரின் பரிந்துரைகளை ரயில்வே ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகும் சரிசெய்வதை இலாகாவின் விருப்பத்துக்கு விட்டுவைப்பது சரியல்ல.

நான் அந்த ரயிலில் இருந்தேன். ஆணையரிடம் போய்ச் சொன்னால் கோர்ட், கேஸ் என்று இழுத்துவிடுவார்களா?

தயங்காமல் போங்கள். விசாரணை நாள், இடம் எல்லாம் பத்திரிகையில் அறிவிப்பாக வரும், விவரம் தெரிந்த பொதுமக்கள் யாரும் நேரில் வந்து சொல்லலாம், எழுதியும் அனுப்பலாம். 117-ஆம் பிரிவு உங்களுக்குத் தரும் பாதுகாப்பு இதுதான்: விசாரணையில் ஆணையர் கேட்டதற்குப் பதிலாகவோ, விஷயத்துக்குச் சம்பந்தப்பட்டதாகவோ நீங்கள் சொன்னதை வைத்து உங்கள் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. பொய் சாட்சி சொன்னால் மட்டும்தான் மாட்டுவீர்கள்.

இது ஊழியர்களுக்கும் பொருந்தும் என்பது பல ஊழியர்களுக்கே தெரியவில்லை. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதுதான் இந்த விசாரணையின் நோக்கம், ஜெயிலுக்கு அனுப்புவது அல்ல. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்டைக் கவனிக்கும் பாயிண்ட்ஸ்மேனும் கேட்மேனும் பயந்தால் அடுத்த விபத்தைத் தடுக்கும் தகவல் அவர்களோடேயே போய்விடும்.

அப்படியானால் தப்பு செய்தவருக்குத் தண்டனையே இல்லையா?

இருக்கிறது, வேறு பாதையில். போலீஸ் தனியாக எஃப்.ஐ.ஆர். போடும். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல், 5 ஆண்டு வரை சிறை. அதற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டுதான். ரயில்வே சட்டத்தின் 175-ஆம் பிரிவு ஊழியர்களுக்கென்றே இருக்கிறது: விதியை மீறியோ அஜாக்கிரதையாகவோ ஒருவருடைய பாதுகாப்புக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கு விபத்தே நடந்திருக்க வேண்டியதில்லை.

கோரமண்டல் விபத்தில் ஆணையர் ஒரு பக்கம் விசாரித்தார், சி.பி.ஐ. இன்னொரு பக்கம் விசாரித்து 2023 ஜூலையில் ரயில்வே ஊழியர்கள் மூவரைக் கைது செய்தது. ஆரம்பத்தில் சொன்னேனே, தனித்தனிப் பாதை என்று, அதற்கு இது நல்ல உதாரணம்.

ஸ்டேஷன் மாஸ்டர் விபத்தையே மறைத்துவிட்டால்? தகவல் சொல்லாததற்கென்று என்ன தண்டனை?

கொஞ்சம் சிக்கலான கேள்வி. அதிகம் பேர் தவறாகச் சொல்லும் கேள்வியும் இதுதான். "178-ஆம் பிரிவில் பொய் ரிப்போர்ட்டுக்கு இரண்டு வருஷம்" என்று எடுத்துக்காட்டுவார்கள். அந்தப் பிரிவு சரக்கு தொலைந்தது, சேதமானது பற்றிய கோரிக்கையை விசாரித்துப் பொய் அறிக்கை கொடுக்கும் ஊழியருக்கானது, ரயில் விபத்துக்கானது அல்ல. விபத்துக் கணக்குக்குப் பொருந்துவது 177: சட்டப்படி அனுப்ப வேண்டிய கணக்கறிக்கையைப் பொய் என்று தெரிந்தே கையெழுத்திட்டு அனுப்பினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு ரயில்வேயும் தன் எல்லையில் நடந்த விபத்துகளை, யாருக்கும் காயம் இல்லாவிட்டாலும், மத்திய அரசுக்குக் கணக்காக அனுப்ப வேண்டும் என்கிறது 121-ஆம் பிரிவு. பொய் அந்தக் கணக்கில் இருந்தால் 177 வரும்.

மறைத்ததால் ஆபத்து ஏற்பட்டால் மேலே சொன்ன 175 வரும். அதைவிட நிஜமாக உறைப்பது இலாகா நடவடிக்கைதான். 1968-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி, ரயில் மோதலுக்குக் காரணமானவர், அல்லது மோதலில் போய் முடிந்திருக்கக்கூடிய தவறு செய்தவர், குற்றவாளி என்று முடிவானால் வழக்கமாகக் கொடுக்க வேண்டிய தண்டனை பணிநீக்கம்தான். ஒரு குடும்பத்தின் சோறு அதோடு போய்விடும், 500 ரூபாய் அபராதத்துக்கு யாரும் பயப்படப் போவதில்லை. இந்தத் தொகைகளை எப்போதோ திருத்தியிருக்க வேண்டும்.

இன்னொன்று, இப்போது மறைப்பது எளிதும் அல்ல. ஸ்டேஷனில் டேட்டா லாகர் இருக்கிறது. எந்தச் சிக்னல் எந்த நொடியில் எந்த நிறம் காட்டியது, பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியது எல்லாம் அதில் பதிவாகும். இன்ஜினின் வேகமும் பதிவாகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும்.

சிவப்புச் சிக்னலைத் தாண்டிப் போய் நின்றுவிட்டார், எதிலும் மோதவில்லை. இதையுமா சொல்ல வேண்டும்?

ஆமாம். ரயில்வேயின் விபத்து வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் உண்டு, நூலிழையில் தவிர்க்கப்பட்ட மோதல்களுக்கும் உண்டு. ஒழுங்கு விதிகளில் இதற்குக் கடும் தண்டனைகள்தான் இருக்கின்றன, பணிநீக்கம் வரை போகலாம். அதோடு தூக்கம் இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓட்டினார், சிக்னல் வளைவில் மறைந்திருந்ததா என்பதையும் கேட்க வேண்டும். கேட்காமல் ஆளை மட்டும் தூக்கினால் அதே சிக்னலை வேறொருவர் தாண்டுவார்.

ரயில் நின்றுகொண்டிருக்கும்போது தீப்பிடித்தால் அது ரயில் விபத்தா?

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நடந்ததுதான் இதற்குப் பதில். லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டி யார்டில் நின்றுகொண்டிருந்தது, உள்ளே விதிக்கு மாறாகக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டர், ஒன்பது பேர் இறந்தார்கள். தெற்கு வட்ட ஆணையர் விசாரித்தார். பெட்டி ஓடவில்லை என்பதால் ஒன்றும் மாறவில்லை. அபாயமான பொருளை ரயிலில் எடுத்துப் போவதற்கு 164-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை இருக்கிறது, நஷ்டத்துக்கும் கொண்டுவந்தவரே பொறுப்பு. "சின்ன ஸ்டவ்தானே" என்று எடுத்து வைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

பெட்டியில் கருகல் வாடை, அடியில் தடதடவென்று சத்தம். செயினை இழுத்தால் எனக்கு அபராதம் போடுவார்களா?

141-ஆம் பிரிவு தண்டிப்பது நியாயமான, போதுமான காரணம் இல்லாமல் இழுப்பவரைத்தான். நீங்கள் சொல்வது நியாயமான காரணம். ரயில் நின்றதும் கார்டு வருவார், அவரிடம் பெட்டி எண்ணையும் என்ன பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்த அளவுக்கு அவசரமில்லை என்றால் 139-க்கு அழையுங்கள்.

எஃப்.ஐ.ஆர். ஆர்.பி.எஃப்.இல் கொடுப்பதா, சாதாரண போலீஸிலா?

உயிரிழப்பு, காயம் என்றால் மாநில அரசின் கீழ் உள்ள இருப்புப்பாதை போலீஸில். வேறு ஸ்டேஷனில் போனாலும் எல்லை பார்க்காமல் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கை, போலீஸின் பிரேத விசாரணை அறிக்கை நகல்களைக் கையோடு வாங்கி வையுங்கள், பின்னால் இழப்பீட்டுக்கு அவைதான் உயிர்நாடி.

விசாரணை முடிந்து யார் தப்பு என்று தெரிந்தால்தானே இழப்பீடு கிடைக்கும்?

இல்லை, இல்லை, இல்லை. இதை நம்பிக் காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிடும் குடும்பங்களை நினைத்தால் மனசு ஆறவில்லை. 124-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ரயில்வேயின் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழப்பீடு உண்டு. உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய், 2017 ஜனவரி 1 முதல். அதற்கு முன் 4 லட்சம். ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும், சென்னையிலும் அமர்வு உண்டு. விபத்து நடந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். தாமதமானால் தகுந்த காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

விபத்தான உடனே அறிவிக்கும் கருணைத்தொகை இது அல்ல. ரயில் விபத்து மரணத்துக்கு அது 2023 செப்டம்பரிலிருந்து 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், சாதாரணக் காயத்துக்கு 50,000. அதை வாங்கியவர் தீர்ப்பாயத்துக்குப் போகக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போது ஆன்லைனில் போட்ட இன்சூரன்ஸ் இருந்தால் அதுவும் தனி, 128-ஆம் பிரிவு அந்த உரிமையை விட்டுவைத்திருக்கிறது.

படியில் நின்றவர் தவறி விழுந்து இறந்தார். டிக்கெட்டும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காது என்கிறார்களே?

கிடைக்கும் வாய்ப்பு நிறையவே இருக்கிறது. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுவது 124-ஏ பிரிவின்படி "அசம்பாவித நிகழ்வு". தற்கொலை, தானே செய்துகொண்ட காயம், தானே செய்த குற்றச்செயல், போதை அல்லது மனநிலை பிறழ்ந்து செய்த செயல், நோய் ஆகியவைதான் விலக்கு. 2018-இல் ரினா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியமானது: கவனக்குறைவாக இருந்தார் என்பதையே "தானே செய்துகொண்ட காயம்" என்று ஆக்க முடியாது, ஏறும்போதும் இறங்கும்போதும் விழுவதும் இதில் அடங்கும். உடலோடு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் அவர் பயணி இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் போட்டு விவரம் சொன்னால், அதற்கு மேல் மறுத்து நிரூபிப்பது ரயில்வேயின் பொறுப்பு. பிளாட்பாரம் டிக்கெட் வைத்திருந்தவரும் 124-ஏ-வின் கீழ் பயணிதான்.

தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டால்?

அது வேறு. அத்துமீறி நுழைவது 147-ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம். ஆணையர் விசாரணை கட்டாயம் இல்லை, போலீஸ் விசாரணையோடு முடியும், 124-இன் இழப்பீடும் வராது. வழக்கமாக ஜனங்கள் கடக்கிற இடம், மேம்பாலம் இல்லை, ரயில் ஹாரன் அடிக்கவில்லை என்றெல்லாம் இருந்தால் வக்கீலைப் பார்த்து சிவில் கோர்ட் வழியை யோசிக்கலாம்.

மெட்ரோவுக்கும் இதே சட்டமா?

இல்லை. மெட்ரோ ரயில்களுக்கு 2002-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, விபத்துத் தகவல், விசாரணை, இழப்பீடு எல்லாம் அதன்படி. மேலே சொன்ன பிரிவு எண்களை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ஆணையரின் அறிக்கையை நான் படிக்க முடியுமா?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்கலாம். விபத்து நடந்த தேதி, இடம், ரயில் எண் மூன்றையும் குறிப்பிடுங்கள், "அறிக்கையும் அதன் மீது ரயில்வே எடுத்த நடவடிக்கையும்" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். போலீஸ் புலனாய்வு நடந்துகொண்டிருந்தால் அதைக் காரணம் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். அந்தத் தகவலைக் கொடுத்தால் புலனாய்வு எப்படிக் கெடும் என்று விளக்க வேண்டியது அவர்கள்தான், அதைக் கேட்டு மேல்முறையீடு செய்யுங்கள்.